பெரிய தலை, குட்டைக் கால்



பிள்ளையின் மேசையில் பெருவிரல் உயரத்தில் ஒரு ரோபோ நிற்கிறது. உடம்பில் பாதி தலை. கால் இரண்டும் குட்டை. கையில் ஒரு வாள். பார்க்கும் உம்மாவுக்கு, “இதைச் செய்தவனுக்கு அளவு தெரியாதா?” என்று கேட்கத் தோன்றும். அவனுக்கு அளவு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் மாற்றியிருக்கிறான். ஜப்பானியக் கார்ட்டூன் படங்களில் வரும் ராட்சத இயந்திரங்களை இப்படிக் குறுக்கிச் செய்யும் முறைக்கு ‘சூப்பர் டிஃபோர்ம்ட்’ என்று பெயர். அளவு கடந்து உருமாற்றப்பட்டது என்று பொருள். சுருக்கமாக எஸ்.டி. என்பார்கள். இவற்றைச் சேர்ப்பவர்களும், ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்த்து நல்லது கெட்டது எழுதுபவர்களும் பல நாடுகளில் இருக்கிறார்கள். வளர்ந்தவர்களும் அவர்களில் அடக்கம். பிள்ளைகள் விரும்பும் ஒரு பொருளைப் பற்றி நாம் ஒன்றும் அறியாமல் “வேண்டாம்” என்றோ “வாங்கிக்கொள்” என்றோ சொல்வது சரியல்ல. ஆகவே இம்முறை இதைப் பற்றிக் கொஞ்சம் பார்ப்போம்.

முதலில் இதன் வரலாறு. 1979 ஏப்ரல் மாதம் ஜப்பானியத் தொலைக்காட்சியில் ‘மொபைல் சூட் கண்டாம்’ என்ற தொடர் ஆரம்பமானது. இயக்கியவர் யோஷியுகி தொமினோ. இயந்திரங்களை வரைந்தவர் குனியோ ஒகவாரா. கதையில் கண்டாம் என்பது 18 மீற்றர் உயரமான போர் இயந்திரம். உள்ளே ஓர் இளைஞன் அமர்ந்து அதைச் செலுத்துவான். அந்த நாளில் தொடருக்குப் பெரிய வரவேற்பு இருக்கவில்லை. 52 வாரம் ஓட வேண்டியது 43 வாரத்துடன் 1980 ஜனவரியில் நின்றது. ஆனால் அதே ஆண்டு யூலையில் பண்டாய் நிறுவனம் அந்த இயந்திரத்தின் பிளாஸ்டிக் மாதிரியை வெளியிட்டது. 144இல் ஒரு பங்கு அளவு, விலை 300 யென். படத்தைக் கைவிட்ட காலம், பொம்மையைப் பிடித்துக்கொண்டது.

குட்டை உருவம் பிறந்தது அதற்குச் சில ஆண்டுகளின் பின். பண்டாய் நிறுவனம் நடத்திய மாதிரிப்பொருள் சஞ்சிகை ஒன்றுக்கு, அப்போது மாணவராக இருந்த கோஜி யோகோய் என்பவர் படங்கள் வரைந்து அனுப்பினார். ஏழெட்டுத் தலை உயரமிருக்க வேண்டிய இயந்திரத்தை இரண்டு மூன்று தலை உயரத்துக்குள் அடக்கியிருந்தார். ஒரு வாசகர் விளையாட்டாக வரைந்த படம் அது. 1985இல் அந்த வடிவம் பொறியில் சல்லி போட்டு எடுக்கும் சிறு றப்பர் உருவங்களாக வெளிவந்தது. 1987இல் ‘பி.பி. சென்ஷி’ என்ற பெயரில் பொருத்திச் செய்யும் பிளாஸ்டிக் பொம்மைகளாகவும் வந்தது. 1988இல் குட்டை உருவங்களே நடிக்கும் நகைச்சுவைக் குறும்படம் திரையரங்குக்கு வந்தது. பின்னர் சாமுராய் வீரன் வேடமிட்ட கண்டாம், மேற்கத்தேய குதிரைவீரன் வேடமிட்ட கண்டாம், 2007இல் சீனத்து மூன்று இராச்சியக் கதையின் பாத்திரங்களாக வேடமிட்ட கண்டாம் என்று குடும்பம் பெருகியது. பி.பி. சென்ஷி வரிசை மட்டும் 400 என்ற எண்ணைத் தாண்டிவிட்டது.

ஏன் இந்த வடிவம் இவ்வளவு பிடித்துப்போனது? ஒரு பொருளைச் சிறிதாக்கும்போது எல்லாவற்றையும் சமமாகச் சிறிதாக்கினால் முகம் புள்ளியாகிவிடும். கை தீக்குச்சியாகி முறிந்துவிடும். எஸ்.டி. முறையில் அடையாளம் எதுவோ அது பெருக்கப்படுகிறது, மற்றது விடப்படுகிறது. கண்டாமின் நெற்றியில் உள்ள V வடிவக் கொம்பு, இரு கண், நாடியில் உள்ள சிவப்பு, இவை இருந்தால் போதும். மூன்று நான்கு சென்ரிமீற்றர் உயரத்திலும் பிள்ளை அதை உடனே இனங்கண்டுகொள்ளும். குட்டையான தடித்த கை கால் இலகுவில் உடையாது. பொருள் சிறிதாகையால் விலையும் குறைவு. அழகுக்காக மட்டும் வந்த வடிவமல்ல இது. சிறு கைக்கும் சிறு பணத்துக்கும் பொருந்திய வடிவம்.

இப்போது வகைகளைப் பார்ப்போம்.

முதலாவது றப்பர் உருவம். ஒரே நிறம், அசையும் மூட்டு கிடையாது. ஜப்பானியர் இதை ‘கேஷிகோமு’, அதாவது அழிறப்பர் என்று அழைப்பார்கள். பெயர்தான் அழிறப்பர், எழுத்தை ஒழுங்காக அழிக்காது. மென்மையான பி.வி.சி.யால் ஆனது. இதில் பார்க்க வேண்டியது அச்சின் கூர்மை. கொம்பு நேராக நிற்கிறதா, கவசத்தின் கோடுகள் தெளிவாக விழுந்திருக்கின்றனவா, அச்சின் இரு பாதி சேர்ந்த தழும்பு முகத்தின் குறுக்கே ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது பொருத்திச் செய்யும் பிளாஸ்டிக். பசை தேவையில்லை, துண்டுகளை வெட்டி அழுத்தினால் போதும். நிறத்தில் ஒரு பகுதி பிளாஸ்டிக்கிலேயே இருக்கும், மீதி ஒட்டுத்தாளில். இங்கே விமர்சகர்கள் முதலில் பொம்மையைத் திருப்பி முதுகைப் பார்ப்பார்கள். செலவைக் குறைக்கக் கையின் உட்புறத்தையும் காலின் பின்புறத்தையும் கோறையாக விடுவது இந்த வகையின் பழைய குறை. அடுத்தது, நிற்கிறதா என்பது. தலை பாரமாகையால் இடுப்பு மூட்டோ கணுக்கால் மூட்டோ தளர்ந்தால் குப்புற விழும். பாதம் அகலமாக இருப்பது அதற்காகத்தான். மூன்றாவது கண். பல பெட்டிகளில் கருவிழி உள்ள கண், கருவிழி இல்லாத கண் என இரண்டு ஒட்டுத்தாள்கள் வரும். கருவிழி வைத்தால் குழந்தைத்தனம், வைக்காவிட்டால் கண்டிப்பு. ஒரே பொம்மை இரண்டு குணம் காட்டும். 2018இல் வந்த ‘குரொஸ் சில்ஹவுட்’ வரிசையில் உள்ளே எலும்புக்கூடு போன்ற சட்டகம் இருக்கிறது. குட்டைச் சட்டகத்தை மாற்றி உயரமான சட்டகம் போடலாம். அசைவும் கூடும். ஆனால் உயர்ந்தால் பழைய வேடிக்கை குறைகிறது என்பது என் கருத்து.

மூன்றாவது மிட்டாய்ப் பொம்மை. சிறு பெட்டியில் நிறம் தீட்டிய உருவம், கூடவே ஒரு மிட்டாயோ சூயிங்கமோ இருக்கும். உணவுப் பொருள் கடைகளில் விற்பதற்காக வந்த ஏற்பாடு இது. ஜப்பானில் கிளிக்கோ நிறுவனம் 1920களிலேயே தன் மிட்டாயுடன் சிறு விளையாட்டுச் சாமான் கொடுத்தது. நிறம் தீட்டிய நிலையில் வருவதால் பார்வைக்கு இதுவே நிறைவானது. கண்ணின் வர்ணம் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நமது வீடுகளுக்கு இன்னொரு விடயம்: அந்த மிட்டாயின் சேர்மானத்தில் ஜெலட்டின் இருக்கலாம். அது எந்தப் பிராணியிலிருந்து எடுக்கப்பட்டது என்று எப்போதும் எழுதப்பட்டிருப்பதில்லை. பொம்மையை எடுத்துக்கொண்டு, சந்தேகமான மிட்டாயை விட்டுவிடுவதில் நட்டம் ஒன்றுமில்லை.

பாதுகாப்புப் பற்றி உம்மாமார் கவனிக்க வேண்டியவை சில. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் சாமான்களைப் பரிசோதிக்க 31.7 மில்லிமீற்றர் விட்டமுள்ள சிறு குழாய் ஒன்றைப் பாவிக்கிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் எந்தத் துண்டும் தொண்டையில் சிக்கக்கூடியது. இந்தப் பொம்மைகளின் வாள், துப்பாக்கி, கொம்பு எல்லாம் அதற்குள் அடங்கும். நடக்கத் தொடங்கிய குழந்தை உள்ள வீட்டில் இவை உயரமான தட்டிலேயே இருக்கட்டும். பி.பி. சென்ஷியின் ஆரம்பகாலப் பொம்மைகள் சிறு உருண்டைகளை எய்யும். பெயர் வந்ததும் அதனாலேயே. பழையதை வாங்குவோர் அதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பராமரிப்பும் அப்படித்தான். அழிறப்பர் பிளாஸ்டிக் அடிமட்டத்துடன் நெடுநாள் கிடந்து ஒட்டிக்கொண்டதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மென்மையான பி.வி.சி.யில் உள்ள எண்ணெய்த் தன்மையான பொருள் கசிந்து மற்றப் பிளாஸ்டிக்கை இளக்குவதே காரணம். ஆகவே றப்பர் உருவங்களையும் பொருத்திச் செய்த பொம்மைகளையும் ஒரே பெட்டியில் கலந்து போடக்கூடாது. வெயில் நேரே படும் யன்னலில் வைத்தால் வெள்ளைப் பிளாஸ்டிக் மஞ்சளாகும். பிசுபிசுத்த றப்பரை இளஞ்சூட்டு நீரிலும் சிறிதளவு சவர்க்காரத்திலும் கழுவி நிழலில் உலர்த்தலாம்.

இனி, இந்தப் பக்கத்தை எழுதியதற்கு முக்கிய காரணமான விடயத்துக்கு வருகிறேன். அது விற்கும் முறை.

பொருத்திச் செய்யும் பொம்மையின் பெட்டியில் படம் இருக்கிறது. எதை வாங்குகிறோம் என்று தெரியும். பொறியில் அப்படியல்ல. பிடியைத் திருப்பினால் ‘கச்சா’ என்ற சத்தம், உருண்டை விழும்போது ‘பொன்’ என்ற சத்தம். ‘கஷாபொன்’ என்ற பெயரே அதிலிருந்து வந்தது. விலை தெரியும், பொருள் தெரியாது. இத்தகைய வியாபாரத்தை ஃபிக்ஹு நூல்கள் ‘கரர்’ என்ற தலைப்பில் ஆராய்கின்றன. அந்தச் சட்ட விளக்கத்துக்குள் நான் இங்கே நுழையவில்லை. வெறும் கணக்கையே பாருங்கள்.

ஒரு வரிசையில் ஆறு உருவங்கள் என்றும், எல்லாம் சம அளவில் பொறியில் இருக்கின்றன என்றும் வைத்துக்கொள்வோம். முதல் தடவை எது வந்தாலும் புதியது. இரண்டாவது புதியதற்குச் சராசரியாக 1.2 தடவை திருப்ப வேண்டும். மூன்றாவதற்கு 1.5, நான்காவதற்கு 2, ஐந்தாவதற்கு 3, ஆறாவதற்கு 6. கூட்டினால் 14.7. அதாவது ஆறு பொம்மைக்குச் சுமார் பதினைந்து தடவை. இதில் ஒன்பது தடவை கடைசி இரண்டுக்கு மட்டும்! ஒரு தடவைக்கு 300 யென் என்றால், படம் பார்த்து வாங்கினால் 1,800 யென். பொறியை நம்பினால் சராசரியாக 4,410 யென். மிச்சத்துக்கு ஏற்கெனவே கிடைத்த முகங்களிலேயே சுமார் ஒன்பது பொம்மைகள் வீட்டில் கிடக்கும்.

பிள்ளையைச் செலவழிக்கத் தூண்டுவது பொம்மையின் அழகல்ல, வரிசையில் உள்ள வெற்றிடம் என்பது இப்போது விளங்குகிறதல்லவா? முதல் பொம்மையை அது ஆசையால் வாங்கியது. கடைசிப் பொம்மையை வெற்றிடம் வாங்க வைக்கிறது. நண்பர்களுடன் இரட்டித்ததை மாற்றிக்கொள்வது பிள்ளைகள் தாமே கண்டுபிடித்த மருந்து. அதைத் தடுக்காதீர்கள்.

இது ஜப்பானியப் பொறியுடன் நிற்கும் விடயமும் அல்ல. கைத்தொலைபேசி விளையாட்டுகளில் சல்லி கொடுத்து, என்ன வருமென்று தெரியாமல் பாத்திரங்களை எடுக்கும் முறைக்கும் ‘கச்சா’ என்றே பெயர். பிடியும் இல்லை, உருண்டையும் இல்லை, கையில் வைத்திருக்க ஒரு பொம்மையும் இல்லை. முறை மாத்திரம் அதே. எடுத்தவற்றை ஒரு தொகுதியாக நிறைவு செய்தால் அரிய பரிசு என்ற வகையை, 2012இல் ஜப்பானின் நுகர்வோர் விவகார முகவரகம் சட்டத்துக்கு முரணானது என்று அறிவித்தது. மற்ற வகைகள் தொடர்ந்தன. பொறியின் கணக்கை விளங்கிய உம்மாவுக்குத் தொலைபேசியின் கணக்கும் விளங்கும்.

ஆகவே சேர்க்க விரும்பும் பிள்ளையைத் தடுப்பதை விட, சேர்க்கப் பழக்குவது மேல். முழு வரிசையையும் அல்ல, பிடித்த மூன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஏன் பிடித்தது என்று கேளுங்கள். “கொம்பு நேராக இருக்கிறது, முதுகு கோறையில்லை, தள்ளினாலும் விழவில்லை” என்று பதில் வந்தால், அந்தப் பிள்ளை பொருளைப் பார்க்கக் கற்றுவிட்டது. “இது மட்டும்தான் இல்லை” என்று பதில் வந்தால், அன்று சல்லிப் பையை மூடிவிடுங்கள்.