கத்தரிக்கோலும் பசைப்போத்தலும்: ஜூடித் மெரிலை முன்வைத்து ஒரு மறுப்பு

அண்மையில் நூல் வெளியீடொன்று முடிந்து, தேநீர்க் கோப்பையும் கையுமாக நின்றிருந்த வேளையில் கவிஞர் நண்பரொருவர் சொன்னார்: "தொகுப்பாசிரியரை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துவதெல்லாம் கொஞ்சம் அதிகம். ஒரு கத்தரிக்கோல், ஒரு பசைப்போத்தல், கொஞ்சம் ஓய்வு நேரம். இது மூன்றும் இருந்தால் நானும் தொகுப்பாசிரியர்தான்." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். வீடு வந்து சேர்ந்த பிறகுதான் அந்தச் சிரிப்புக் கசந்தது.

இது அவருடைய தனிக் கருத்து மாத்திரமல்ல. எழுதுபவன் படைப்பாளி, தொகுப்பவன் எடுபிடி என்ற தரப்படுத்தல் எல்லா இலக்கியச் சூழல்களிலும் உண்டு. அதற்கான எனது மறுப்பை, இருபது வருடங்களுக்கும் மேலாக நான் வாசித்து வருகின்ற விஞ்ஞானப் புனைகதைத் துறையிலிருந்தே தருகிறேன். நமது தீவிர வாசகர்களில் பலர் இன்னமும் சிறுவர் சமாச்சாரம் என்று ஒதுக்கிவைத்திருக்கும் துறை அது. நண்பரின் கூற்று எவ்வளவு பிழையானது என்பதை அத்துறை காட்டுமளவுக்கு வேறெதுவும் காட்டுவதாக எனக்குத் தெரியவில்லை. ஏனெனில், தொகுப்பாசிரியர்கள் இல்லாதிருந்தால் அப்படியொரு இலக்கியம் இருந்ததென்பதே நமக்குத் தெரிய வந்திருக்காது.

1926 இல் ஹூகோ கேர்ன்ஸ்பெக் 'அமேசிங் ஸ்டோரிஸ்' சஞ்சிகையைத் தொடங்கியதிலிருந்து சுமார் இருபது வருடங்கள், அமெரிக்காவில் இந்தக் கதைகள் வாழ்ந்த இடம் மலிவுச் சஞ்சிகைகள். மரக்கூழிலிருந்து செய்த மட்டரகத் தாள். சில வருடங்களில் பழுப்பேறி, ஓரம் உதிர்ந்து, கைபட்டால் நொறுங்கும். ஒரு கதையின் ஆயுள் அடுத்த இதழ் கடைக்கு வரும்வரைதான். நல்ல கதைக்கும் கெட்ட கதைக்கும் ஒரே கபன். பெரும் பதிப்பகங்கள் அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. 1943 இல் டொனால்ட் வொல்ஹைம் ஒரு சிறு தொகுப்பைக் கொண்டுவந்தார். ஹிரோஷிமாவுக்கு அடுத்த வருடம், அதாவது 1946 இல், இரண்டு பெரிய தொகுப்புகள் வெளிவந்தன. ஒன்று குரொப் கொன்க்ளினுடையது. மற்றையது ரேமண்ட் ஹீலியும் பிரான்சிஸ் மக்கோமஸும் சேர்ந்து தொகுத்த, ஆயிரம் பக்கங்களை நெருங்கிய நூல். அணுகுண்டைச் செய்தித்தாளில் வாசித்துத் திகைத்துப்போன சமூகம், அதை முன்னரே கதையாக எழுதியிருந்தவர்கள் யாரென்று தேடிய காலம் அது. உதிர்ந்துகொண்டிருந்த தாள்களிலிருந்து கெட்டி அட்டைக்குள் கதைகளைக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் இவர்கள்தான். 1949 இலிருந்து எவரெட் பிளைலரும் டிக்டியும் வருடத்துக்கு ஒரு தொகுப்பு என்ற வழக்கத்தையும் தொடக்கிவைத்தார்கள்.

ஆகவே ஜூடித் மெரில் முதலாமவர் அல்லர். எனினும், தொகுப்பு என்பதன் அர்த்தத்தையே மாற்றிப்போட்டவர் அவர் என்பதனால்தான் அவரை எடுத்துக்கொள்கிறேன்.

1923 இல் பொஸ்டனில் பிறந்தவர். இயற்பெயர் ஜோசபின் ஜூலியட் குரொஸ்மன். 'மெரில்' என்பது அவரது மூத்த மகளின் பெயர். அதையே தனது எழுத்துப் பெயரில் சேர்த்துக்கொண்டார். தகப்பன் பெயரைப் பிள்ளைகள் சுமந்து திரியும் உலகில், பிள்ளையின் பெயரைத் தாய் சூடிக்கொண்டது எனக்கு எப்போதும் பிடித்த தகவல். நியூயோர்க்கில் ஐஸக் அசிமோவ், பிரெடெரிக் போல் முதலியோர் உருவான 'பியூச்சரியன்ஸ்' வட்டத்தில் பின்னாளில் வந்து சேர்ந்தார். போலைத் திருமணமும் செய்து, சில வருடங்களில் பிரிந்தார். பான்டம் பதிப்பகத்தில் வேலை பார்த்தார். அங்கிருந்துதான் 1950 இல் அவரது முதற் தொகுப்பான 'ஷொட் இன் த டார்க்' வெளிவந்தது. 1956 இல் வருடாந்தத் தொகுப்பைத் தொடங்கினார். முதற் தொகுதிக்கு முன்னுரை எழுதியவர் ஓர்சன் வெல்ஸ். 1968 வரை பன்னிரண்டு தொகுதிகள் வந்தன.

இப்போது கத்தரிக்கோல் விடயத்துக்கு வருவோம். 1956 டிசம்பரில் 'சயன்ஸ் பென்டசி' என்ற பிரித்தானியச் சஞ்சிகையில் 'பிரிமா பெலடோனா' என்றொரு கதை வந்தது. எழுதியவரை எவருக்கும் தெரியாது. அச்சேறிய அவரது முதற் கதைகளில் ஒன்று அது. கடல் கடந்திருந்த அமெரிக்க வாசகர்களில் மிகச் சிலரே அந்தச் சஞ்சிகையைக் கண்ணால் கண்டிருப்பர். 1957 இல் வெளிவந்த மெரிலின் இரண்டாவது வருடாந்தத் தொகுப்பில் அந்தக் கதை இருந்தது. அந்த எழுத்தாளர் ஜே.ஜி. பலார்ட். இன்று பலார்டின் பெயரைச் சொல்லி இலக்கியம் பேசாத ஆங்கில விமர்சகர் இல்லை. ஒரு முதற்கதையின் மீது, பெயர் தெரியாத இளைஞன் ஒருவன் மீது, மற்றவர்கள் நிமிர்ந்து பார்ப்பதற்கு முன்னரே 'இது முக்கியமானது' என்று பந்தயம் கட்டுவதற்கு எந்தப் பசைப்போத்தல் உதவும்? வெட்டுவதற்குக் கத்தரி போதும், உண்மைதான். எதை வெட்டுவது என்பதைக் கத்தரி சொல்வதில்லையே.

அந்தத் தொகுதிகளைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். ஒவ்வொரு கதைக்கு முன்னாலும் மெரிலின் குறிப்பொன்று இருக்கும். அது புகழுரை அல்ல, வாசகரோடு நடத்துகின்ற பேச்சு. இந்தக் கதை ஏன் இங்கே, முந்திய கதைக்கும் இதற்கும் என்ன உறவு என்ற பேச்சு. இறுதியில் அந்த வருடத்தின் போக்குகள் பற்றிய மதிப்பீடும், இடம்பெற முடியாமற்போன நல்ல கதைகளின் பட்டியலும் வரும். தான் எடுக்காததையும் பெயர் சொல்லி மதிக்கும் பண்பு தொகுப்பாசிரியர்களிடம் மிக அரிது. நம்மில் பலர் எடுத்ததற்கே ஆசிரியரிடம் அனுமதி கேட்பதில்லை!

அவர் மீது வைக்கப்பட்ட உண்மையான குற்றச்சாட்டு வேறு. மெரில் வேலியைப் பிடுங்கிவிட்டார் என்பதே அது. விஞ்ஞானப் புனைகதைச் சஞ்சிகைகளுக்கு வெளியே, பொது இலக்கிய ஏடுகளிலிருந்தும் அவர் கதைகளை எடுத்தார். போர்ஹேஸ் வந்தார், ஸ்டைன்பெக் வந்தார், பெர்னார்ட் மலமுட் வந்தார். பத்திரிகைப் பத்திகளும் கவிதைகளும்கூட வந்தன. 'எஸ்.எஃப்' என்ற இரண்டு எழுத்துகளை அப்படியே வைத்துக்கொண்டு, அவை குறிப்பது விஞ்ஞானப் புனைகதையை மட்டும்தானா, ஊகப் புனைவாகவும் இருக்கலாமே என்று வாதாடினார். 'நீங்கள் சொல்லும் விஞ்ஞானம் எது, புனைகதை எது?' என்ற பொருளில் 1966 இல் ஒரு நீண்ட கட்டுரையே எழுதினார். தூய்மைவாதிகளுக்கு இது பொறுக்கவில்லை. விண்கலமும் விஞ்ஞானியும் இல்லாத கதையை எமது வருடத்தின் சிறந்த கதை என்று சொல்ல இவர் யார் என்று கேட்டார்கள்.

இவ்விடத்தில் நான் கண்மூடித்தனமாக மெரிலின் பக்கம் நிற்கப்போவதில்லை. கடைசித் தொகுதிகளில் தளர்வு இருக்கிறது. வேலிக்கு வெளியே கிடைத்தது என்பதற்காகவே சேர்த்த மெலிந்த துண்டுகள் சில உண்டு. 'வருடத்தின் சிறந்தவை' என்ற அட்டைக்குக் காசு கொடுத்த வாசகன் ஏமாற்றமடைந்தான் என்றால் அவன் மீது பிழையில்லை. 1968 இல் அவர் தொகுத்த 'இங்லண்ட் ஸ்விங்ஸ் எஸ்.எஃப்' என்ற நூலில், கதைகளுக்கு நடுவே ஆசிரியர்களின் கூற்றும் தனது குறிப்பும் துண்டு துண்டாகக் கலந்து வருகின்றன. முதன்முறை வாசித்தபோது எனக்கு எரிச்சலே வந்தது. இரண்டாம் முறையும் முழுதாகப் போகவில்லை.

ஆனால் தூய்மைவாதிகளின் பிழை அடியிலேயே இருக்கிறது. தொகுப்பு என்பது கண்ணாடி, முன்னால் நிற்பதைக் காட்டினால் போதும் என்று அவர்கள் நினைத்தார்கள். மெரிலுக்குத் தொகுப்பு ஒரு வாதம். போர்ஹேஸையும் ஒரு மலிவுச் சஞ்சிகைக் கதைகாரனையும் அடுத்தடுத்த பக்கங்களில் வைத்தால், வாசகன் இருவரையும் வேறு விதமாக வாசிப்பான் என்பதே அந்த வாதம். அதில் அவர் வென்றார். லண்டனில் மைக்கல் மூர்கொக் 1964 இலிருந்து நடத்திய 'நியூ வேர்ல்ட்ஸ்' சஞ்சிகையைச் சூழ்ந்து உருவான புதிய அலையை அமெரிக்க வாசகர்களிடம் கொண்டுசேர்த்ததில் மெரிலின் பங்கு பெரிது. மேலே நான் குறை சொன்ன நூல்தான் அந்த வேலையைச் செய்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

நண்பரின் கூற்றில் என்னை அதிகம் உறுத்தியது 'ஓய்வு நேரம்' என்ற சொல். மெரில் எழுதத் தெரியாததனால் தொகுக்கப் போனவர் அல்லர். 1948 இல் 'அஸ்டவுண்டிங்' சஞ்சிகையில் வந்த அவரது 'தட் ஒன்லி எ மதர்' கதையை வாசித்தவர்கள் அதன் முடிவை மறக்க மாட்டார்கள். அணு யுத்த காலத்தில் பிறக்கும் குழந்தையொன்றின் கதை. தாய்க்குத் தெரியாத ஒன்றை, அல்லது தெரிந்துகொள்ள மறுத்த ஒன்றை, யுத்தப் பணியிலிருந்து வீடு திரும்பும் தகப்பனின் விரல்கள் கண்டுபிடிக்கின்றன. அமெரிக்க விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் சங்கத்தினர் வாக்களித்துத் தெரிவு செய்து, ரொபர்ட் சில்வர்பேர்க் தொகுத்து 1970 இல் வெளிவந்த 'ஹோல் ஒஃப் ஃபேம்' முதற்தொகுதியில் இருபத்தாறு கதைகள். தனித்து எழுதிய பெண் ஒருவரே இருக்கிறார். அது மெரில். 1950 இல் வந்த அவரது 'ஷடோ ஒன் த ஹார்த்' நாவல், அணுத் தாக்குதலை ஒரு வீட்டின் குசினிக்குள்ளிருந்து பார்த்தது. தளபதிகளும் விஞ்ஞானிகளும் பார்த்த யுத்தத்தையே வாசித்துப் பழகியவர்களுக்கு அது புதிது.

இப்படி எழுதியவர், 1960 இல் வந்த 'த டுமோரோ பீப்பிள்' நாவலுக்குப் பிறகு புனைகதையாக மிகக் கொஞ்சமே எழுதினார். இரண்டு பெண் பிள்ளைகள், உடைந்த திருமணங்கள், வருடந்தோறும் வந்து நிற்கும் ஒரு தடித்த நூல், அதற்காக மாதந்தோறும் வாசித்தே தீர வேண்டிய சஞ்சிகைக் கட்டு, 1965 தொடக்கம் நூல் விமர்சனப் பத்தி வேறு. மற்றவர்களின் கதைகளுக்காக இவர் கொடுத்த விலை தனது கதைகள். அந்தப் பேரம் இலாபமா நட்டமா என்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது. பலார்டை ஒரு தட்டிலும் எழுதப்படாத மெரில் கதைகளை மறு தட்டிலும் வைத்து நிறுக்கும் தராசு என்னிடமில்லை. ஆனால் விலை கொடுக்கப்பட்டது என்பதையே காணாமல், ஓய்வு நேரம் என்று சொல்வது அநியாயம்.

1968 இல் வியட்நாம் யுத்தம் எழுத்தாளர்களை இரண்டாகப் பிளந்தது. 'கலக்ஸி' சஞ்சிகையின் ஜூன் இதழில் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு விளம்பரங்கள் வந்தன. யுத்தத்தை ஆதரித்த பட்டியலில் ஹைன்லைன், எதிர்த்த பட்டியலில் அசிமோவும் பிராட்பரியும் லெ குயினும். எதிர்ப்புப் பட்டியலைக் கேட் வில்ஹெல்முடன் சேர்ந்து ஒழுங்கு செய்தவர் மெரில். (அப்போது அந்தச் சஞ்சிகையின் ஆசிரியர், முன்னாள் கணவர் போல்.) யோசித்துப் பார்த்தால் அதுவும் ஒரு தொகுப்புத்தான். யார் பெயர் எந்தப் பக்கத்தில் என்பதை அச்சில் நிறுத்திய தொகுப்பு. அதே வருடம் ஓகஸ்டில், சிக்காகோவில் ஜனநாயகக் கட்சி மாநாட்டின்போது ஆர்ப்பாட்டக்காரர் மீது பொலிசார் நடத்திய தாக்குதலுக்குப் பின்னர், இந்த நாட்டில் இனி இருப்பதில்லை என்று முடிவெடுத்து ரொறன்ரோவுக்குப் போனார். வருடாந்தத் தொகுப்பு அத்தோடு நின்றது. பெயரும் வருமானமும் தந்த வேலையை, அது உச்சத்தில் இருந்தபோதே விட்டுவிட்டுப் புறப்பட்ட நாற்பத்தைந்து வயதுப் பெண்.

கனடாவிலும் சும்மா இருக்கவில்லை. 1970 இல் ஜப்பானில் நடந்த சர்வதேச விஞ்ஞானப் புனைகதைக் கருத்தரங்குக்குப் போனார். நமது கொழும்பில் 1956 இலிருந்து வாழ்ந்துவந்த ஆர்தர் சி. கிளார்க்கும் அதில் கலந்துகொண்டார். பின்னர் மறுபடியும் ஜப்பான் சென்று மாதக்கணக்கில் தங்கி, அங்குள்ள மொழிபெயர்ப்பாளர்களோடு உட்கார்ந்து ஜப்பானியக் கதைகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுவரப் பாடுபட்டார். 1985 இல் 'டெஸரக்ட்ஸ்' என்ற பெயரில் கனடிய விஞ்ஞானப் புனைகதைகளைத் தொகுத்தார். கியூபெக்கின் பிரெஞ்சு எழுத்தாளர்களும் மொழிபெயர்ப்பில் அதில் இருந்தார்கள். கனடாவுக்கென்று அப்படியொரு இலக்கியம் இருக்கிறதா என்று கேட்டவர்களுக்கு அதுதான் பதில். எழுத்தாளர்கள் தனித்தனியாக இருந்தார்கள், 'கனடிய விஞ்ஞானப் புனைகதை' என்ற ஒன்று அந்த அட்டைக்குள்தான் உருவம் பெற்றது. இதற்குப் படைப்பு என்று பெயரில்லையென்றால் வேறென்ன பெயர் என்று நண்பர் சொல்லட்டும்.

1970 இல், தான் சேர்த்து வைத்திருந்த சுமார் 5000 நூல்களையும் சஞ்சிகைகளையும் ரொறன்ரோ பொது நூலகத்துக்குக் கொடுத்தார். அதற்கு அவர் வைத்த பெயர் 'ஸ்பேஸ்ட் அவுட் லைப்ரரி'. கொஞ்சம் குறும்பான பெயர்தான். 1997 செப்டெம்பரில் அவர் காலமாவதற்குச் சில வருடங்கள் முன்னரே அது 'மெரில் சேகரிப்பு' என்று பெயர் மாற்றம் பெற்றுவிட்டது. இன்று அங்கே 80,000 இற்கும் அதிகமானவை இருக்கின்றன. கைபட்டால் நொறுங்கும் அந்தப் பழைய மலிவுச் சஞ்சிகைகளும் உள்ளே இருக்கின்றன. பொது நூலகம் என்பதால் வாசிக்க விரும்பும் எவரும் போய்க் கேட்கலாம்.

அவரது சுயசரிதை முற்றுப்பெறாமலே நின்றுபோயிருந்தது. பேத்தி எமிலி போல்-வியரி அதை எடுத்து நிறைவு செய்து 2002 இல் வெளிக்கொணர்ந்தார். 2003 இல் அதற்கு ஹூகோ விருது கிடைத்தது. அட்டையில் இருவர் பெயரும் இருக்கிறது.