கட்டணப் பலகைக்குப் பக்கத்தில் இன்னொரு பலகை

பெங்களூரு கே.ஆர். மார்க்கெட் அருகே உள்ள மின்டோ அரசு கண் மருத்துவமனையில் 2019 ஜூலை 9 அன்று 24 பேருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. பார்வை தெளியும் என்று நம்பி வந்தவர்களில் பலருக்குக் கண்ணில் கிருமித் தொற்று ஏற்பட்டது. பத்துப் பேர் பார்வையை இழந்ததாகச் செய்திகள் வந்தன. அறுவையின்போது கண்ணுக்குள் செலுத்தும் ஜெல்லின் மீது சந்தேகம் விழுந்தது.

ஏறத்தாழ நான்கு மாதம் கழித்து, பார்வை இழந்தவர்களுக்கு இழப்பீடு கேட்டு வந்த ஓர் அமைப்பினருக்கும் மருத்துவர்களுக்கும் இடையே மோதல் மூண்டது. பணியில் இருந்த பயிற்சி மருத்துவர்கள் தாக்கப்பட்டதாகப் புகார் எழுந்து, மாநிலம் முழுவதும் மருத்துவர்கள் போராட்டத்தில் இறங்கினர். கிருமி எந்த வழியாக வந்தது என்ற கேள்வி அந்தக் கூச்சலில் அமுங்கிப்போனது.

நோயோடு வந்தவர் மருத்துவமனையிலேயே இன்னொரு நோயை வாங்கிக்கொள்வது உலகம் முழுவதும் உள்ள சிக்கல். உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கைப்படி, உடனடிச் சிகிச்சை தரும் மருத்துவமனைகளில் சேரும் 100 பேரில் பணக்கார நாடுகளில் 7 பேருக்கும், ஏழை, நடுத்தர வருவாய் நாடுகளில் 15 பேருக்கும் இப்படித் தொற்று ஏற்படுகிறது. தொற்றியவர்களில் பத்தில் ஒருவர் இறக்கிறார். கை சுத்தம் முதலான எளிய முறைகளால் இத்தகைய தொற்றுகளில் 70 விழுக்காட்டைத் தடுக்கலாம் என்றும் அந்த அறிக்கை சொல்கிறது.

தடுக்க முடிந்தும் ஏன் தடுக்கவில்லை? நெரிசலான ஒரு வார்டில் பத்து நிமிடம் நின்றால் புரியும். செவிலியர் ஒரு படுக்கையில் டிரிப்ஸ் மாற்றுகிறார். அடுத்த படுக்கையில் சிறுநீர்ப் பையைக் காலி செய்கிறார். அதற்குள் மூன்றாவது படுக்கையிலிருந்து “சிஸ்டர்” என்று குரல் வருகிறது. சானிட்டைசர் சுவரில்தான் தொங்குகிறது. அதைக் கை முழுக்கத் தேய்க்க 20, 30 விநாடி வேண்டும். ஆள் பற்றாக்குறையில் ஓடும் அவருக்கு, ஒவ்வொரு படுக்கைக்கும் அந்த அரை நிமிடம் கிடைப்பதில்லை. இதை அவருடைய அலட்சியம் என்று எழுதிவிட்டால் நிர்வாகம் தப்பித்துக்கொள்ளும்.

தொற்றைச் சொன்னால் தண்டனை வரும் என்ற பயம் இருக்கும் இடத்தில் தொற்று மறைக்கப்படும். மறைக்கப்பட்டது குறையாது. இங்கிலாந்து 2001 முதல், பல மருந்துகளுக்கு அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமி இரத்தத்தில் கலந்த ஒவ்வொரு நிகழ்வையும் அரசு மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்றது. மருத்துவமனை வாரியாக எண்ணிக்கையை வெளியிட்டது. 2004இல், நான்கு ஆண்டுகளில் பாதியாகக் குறைப்போம் என்று இலக்கு வைத்தது, குறைத்தும் காட்டியது. புதிய மருந்து எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. எண்ணினார்கள், எல்லோருக்கும் காட்டினார்கள், நிர்வாகத்தைப் பொறுப்பாக்கினார்கள்.

பெங்களூரால் இது முடியாதா? ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்து நிமான்ஸ், கித்வாய், ஜெயதேவா மருத்துவமனைகளுக்கு நம் மக்கள் நாள்தோறும் பஸ் ஏறுகிறார்கள். தனியார் மருத்துவமனைகள் கட்டணத்தைப் பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்று கர்நாடகத்தில் சட்டமே இருக்கிறது. அந்தப் பலகைக்குப் பக்கத்தில், கடந்த மாதம் எத்தனை பேருக்கு இங்கே தொற்று ஏற்பட்டது என்ற எண்ணும் இருக்கட்டும். அரசு மருத்துவமனைகள் இதில் முதலில் வரட்டும். உண்மையான எண்ணைச் சொல்லும் மருத்துவமனையைத் தண்டிக்காமல், அதற்குக் கூடுதல் செவிலியரையும் ஆய்வக வசதியையும் அரசு கொடுக்கட்டும்.

அறுவைக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்கிறோம். இங்கே தொற்று எவ்வளவு என்றும் கேட்போம். அதைக் கேட்பது நோயாளியின் உரிமை.