திருச்சிக்கு விலை பேசிய போர்

துவாக்குடியிலிருந்து திருச்சிக்குப் பேருந்தில் போனால், திருவெறும்பூரில் எறும்பீசுவரர் மலைக்கோயில் கண்ணில் படும். கர்நாடகப் போர்களில் அந்தக் கோயிலே கோட்டையாக இருந்தது.

1751இல் ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபும் அவருக்குத் துணைநின்ற பிரெஞ்சுக்காரர்களும் திருச்சியை முற்றுகையிட்டார்கள். உள்ளே இருந்தவர் அவருடைய போட்டியாளர் முகமது அலி. அதுவரை ஒதுங்கியிருந்த மைசூர் ஏன் படை அனுப்பியது? திருச்சியையே தருவதாக முகமது அலி கொடுத்த வாக்கை மைசூர் அமைச்சர் நஞ்சராஜர் நம்பினார். தஞ்சை மன்னர் பிரதாபசிங்குக்குச் சந்தா சாகிபிடம் பழைய பகை உண்டு. 1749இல் தஞ்சையையே வளைத்துப் பணம் கேட்டவர் அவர். ஆனாலும் மன்னர் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தபடியே இருந்தார். முகமது அலியின் பக்கம் நின்ற ஆங்கிலேயத் தளபதி கிளைவ் ஆற்காட்டு முற்றுகையில் தாக்குப்பிடித்த பிறகுதான் தஞ்சைத் தளபதி மானோஜி உதவிக்குப் புறப்பட்டார்.

ஆசையும் அச்சமும்தான் நடுநிலையைக் கலைக்கின்றன. முதல் உலகப் போரில் இத்தாலியும் 1915இல் லண்டனில் ரகசியமாக நிலம் பேசி முடித்த பிறகே களத்தில் இறங்கியது.

1752 ஜூனில் திருவரங்கத் தீவில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. சந்தா சாகிபின் தலை உருண்டது. திருச்சி மட்டும் மைசூருக்குக் கிடைக்கவில்லை. ஏமாந்த நஞ்சராஜர் பிரெஞ்சுக்காரர்களோடு சேர்ந்து அதே திருச்சிக் கோட்டையை வளைத்தார். பேரம் பேசியது அரண்மனை. குதிரைக் குளம்படியில் நசுங்கியதோ காவிரிக்கரை உழவரின் பயிர்.

1773இல், அதே முகமது அலிக்காக ஆங்கிலேயக் கம்பெனிப் படை, அன்று அவருக்கு உதவிய தஞ்சையைக் கைப்பற்றியது.