தணிக்கையாளர் யாருடைய ஆள்?

சட்டப்படி, ஒரு நிறுவனத்தின் தணிக்கையாளரை நியமிப்பவர்கள் பங்குதாரர்கள். நிர்வாகம் எழுதிய கணக்கைச் சரிபார்த்து அவர்களிடம் சொல்வதே அவர் வேலை. நடைமுறையில் அவரைத் தேடிப் பிடிப்பதும், கட்டணம் பேசுவதும், ஆவணங்களை எடுத்துக் கொடுப்பதும் நிர்வாகம்தான். யாரைச் சந்தேகிக்க வேண்டுமோ அவரிடமே ஊதியம் பெறும் தொழில் இது. இங்கே நெறி பிறழ்வதற்கு லஞ்சம் தேவைப்படுவதில்லை. அலுவலக மரியாதையே போதும்.

ஹைதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் அதற்குச் சான்று. 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு இயக்குநர் குழுவுக்கு எழுதிய கடிதத்தில், ஏட்டில் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். செய்யாத வேலைக்கு 6,000க்கும் மேற்பட்ட போலி இன்வாய்ஸ்கள் தயாராகியிருந்தன. அந்த வேலை நடக்கவில்லை என்று அறிந்திருக்கக்கூடிய பிரிவுத் தலைவர்களின் கணினித் திரையில் அவை தெரியாதபடி பார்த்துக்கொள்ளப்பட்டது. பொய் வருமானம் எங்கேயாவது பணமாக இருந்தாக வேண்டுமல்லவா? அதற்காக வங்கி அறிக்கைகளும் போலியாக உருவாயின.

போலி இன்வாய்ஸைக் கண்டுபிடிப்பது கடினம். வங்கி இருப்பைச் சரிபார்ப்பது அப்படியல்ல. தணிக்கையாளர் வங்கிக்கு நேரடியாகக் கடிதம் எழுத வேண்டும். வங்கியின் பதில், இடையில் யார் கையும் படாமல், அவருக்கே வர வேண்டும். பட்டயக் கணக்காளர் படிப்பில் இது பாலபாடம். சத்யத்தைத் தணிக்கை செய்த பிரைஸ் வாட்டர்ஹவுஸின் இந்தியக் குழுவோ, கடிதத்தை அனுப்புவதையும் பதிலை வாங்குவதையும் நிர்வாகத்தின் பொறுப்பிலேயே விட்டுவிட்டது என்று அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் 2011இல் கண்டறிந்தது. சில வங்கிகளிடமிருந்து நேரடியாக வந்த பதில்களில் பெருத்த வேறுபாடு இருந்தபோதும் அதைக் குழு முறையாகத் துருவவில்லை. ஆணையம் சொன்னவற்றில் கூர்மையானது இன்னொன்று: இந்தத் தவறு சத்யத்தோடு நிற்கவில்லை, அந்நிறுவனத்தின் இந்தியப் பிரிவில் பரவலாக இருந்த தரக் குறைபாட்டின் அடையாளம் அது. ஆணையம் 60 லட்சம் டாலரும், அமெரிக்கத் தணிக்கை மேற்பார்வை வாரியம் 15 லட்சம் டாலரும் அபராதம் விதித்தன.

இந்தியாவில் வழக்கு வேறு பாதையில் போனது. 2015 ஏப்ரலில் ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் ராஜுவோடு முன்னாள் தணிக்கையாளர்கள் இருவர் உட்படப் பத்துப் பேருக்கு ஏழாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. அடுத்த மாதமே மேல்முறையீட்டில் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. தணிக்கை நிறுவனத்துக்கு 2018இல் இந்தியப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி விதித்த இரண்டாண்டுத் தடையை, அது செபியின் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல என்று 2019இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ரத்து செய்தது. கையெழுத்திட்டவர் தனிமனிதர், கட்டணமும் பெயரும் நிறுவனத்துக்கு. பழி மட்டும் தனிமனிதரோடு நின்றுவிடுகிறது.

2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் சில ஓட்டைகளை அடைத்தது. பட்டியலிட்ட நிறுவனங்களில் ஒரு தணிக்கை நிறுவனம் தொடர்ந்து பத்தாண்டுகளுக்கு மேல் நீடிக்க முடியாது. தணிக்கை செய்யும் இடத்திலேயே மேலாண்மை ஆலோசனை விற்கவும் தடை. மோசடி தெரியவந்தால் அரசுக்கு அறிவிப்பது தணிக்கையாளரின் கடமையாயிற்று. தொழிலின் சொந்த அமைப்பான பட்டயக் கணக்காளர் கழகம் மட்டுமே ஒழுங்குமுறையைப் பார்த்துக்கொண்டிருந்த நிலை மாறி, 2018இல் தேசிய நிதி அறிக்கை ஆணையம் வந்தது. இவை பயனுள்ளவைதான். ஆனால் சுழற்சி முறை ஆளை மாற்றுகிறதே தவிர, ஆளைத் தேர்ந்தெடுப்பவரை மாற்றவில்லை.

அரசு நிறுவனங்களில் தணிக்கையாளரை நியமிப்பவர் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர். தனியார் நிறுவனங்களில் அந்த முடிவு பங்குதாரர் வாக்கைப் பொறுத்தது. அந்த வாக்கில் பெரும்பங்கு பல இடங்களில் நிறுவனத்தை நடத்தும் குடும்பத்தின் கையில். சிறு முதலீட்டாளருக்கு ஆண்டுதோறும் கேள்வி கேட்க ஒரு வாய்ப்பிருந்தது: நியமனத்தை ஒவ்வொரு பொதுக்கூட்டமும் உறுதிசெய்ய வேண்டும் என்ற விதி. 2018 மே மாதம் அதுவும் நீக்கப்பட்டது.