பதினான்கு மாதங்களாக உறங்கும் ஒரு மனு



நம் மதரஸாவில் ஓதிய மாணவர் ஒருவர், பார்வை மிகக் குறைந்தவர், போட்டித் தேர்வெழுதி அரசு அலுவலகம் ஒன்றில் பணியில் சேர்ந்தார். தொண்டியே மகிழ்ந்தது. சேர்ந்த வாரத்திலேயே அவர் கேட்டது ஒன்றுதான்: கணினித் திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருள். பதினான்கு மாதங்கள் கடந்துவிட்டன. மனு மேசை மேசையாக நகர்கிறது. அவரோ அடுத்த இருக்கைக்காரரிடம், "இதைக் கொஞ்சம் வாசித்துச் சொல்லுங்கள் அண்ணே" என்று நாள்தோறும் வேண்டி நிற்கிறார்.

நிதியில்லை என்று சொல்லவும் வழியில்லை. பார்வையற்ற இருவர் ஆஸ்திரேலியாவில் உருவாக்கிய என்.வி.டி.ஏ. என்னும் மென்பொருள் முற்றிலும் இலவசமாகவே கிடைக்கிறது. அதை அலுவலகக் கணினியில் ஏற்ற ஓர் ஒப்புதல் போதும். ஒரு கையெழுத்துக்குப் பதினான்கு மாதங்களா?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அரசுப் பணியில் 4 விழுக்காடு இடஒதுக்கீட்டோடு நின்றுவிடவில்லை. பணி செய்வதற்குரிய வசதிகளைச் செய்து தருவது அரசு நிறுவனத்தின் கடமை என்கிறது அதன் 20ஆம் பிரிவு. குறைதீர்க்கும் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும், புகாரைப் பதிவு செய்த இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும் என்கிறது 23ஆம் பிரிவு. மீறினால் அபராதமும் உண்டு. ஆனால் காலத்தைக் குறைக்க வேண்டிய ஒன்றிய அரசோ, மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வழங்க ஒரு மாதமாக இருந்த கெடுவை 2024இல் மூன்று மாதங்களாக நீட்டியது!

இதைவிட நம்மை வருத்தியது வேறொன்று. "ஸப்ரு செய்யுங்கள் தம்பி, வேலை கிடைத்ததே பெரிது" என்று நம் பெரியவர்கள் சிலரே அவருக்கு உபதேசித்தார்கள். ஸப்ரு அவருடைய இபாதத். பிறருடைய சோம்பலுக்கு அதைத் திரையாக்க நமக்கு என்ன உரிமை? பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் பொருட்டு 'அபஸ' சூரா இறங்கியதை நாம் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கிறோம். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அந்த ஸஹாபியைப் பாங்கு சொல்ல நியமித்தார்கள்; தாம் வெளியே சென்ற வேளைகளில் மதீனாவின் பொறுப்பையே அவரிடம் ஒப்படைத்தார்கள். கலீஃபா வலீத் இப்னு அப்துல் மலிக் பார்வையற்றோருக்கு வழிகாட்டியையும், நடக்க இயலாதோருக்குப் பணியாளையும் அரசுச் செலவில் அமர்த்தினார் என்று வரலாற்றாசிரியர் தபரீ எழுதுகிறார். அது எட்டாம் நூற்றாண்டு. (நம் பள்ளிவாசல்களில் எத்தனையில் சக்கர நாற்காலி ஹவுள் வரை செல்லும் என்ற கேள்வியும் நம்மைச் சுடத்தான் செய்கிறது.)

வரும் திங்கட்கிழமை, மக்கள் குறைதீர்க்கும் நாளன்று, அம்மாணவரோடு இராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகத்துக்குச் செல்கிறோம். 23ஆம் பிரிவின்படி எழுதிய புகாரும் கையில் இருக்கிறது. ஜமாஅத் நிர்வாகிகள் இருவரேனும் உடன் வர வேண்டும். ஃபஜ்ரு தொழுகை முடிந்ததும் பேருந்து நிறுத்தத்தில் காத்திருப்போம், இன்ஷா அல்லாஹ்.