பெட்டியில் 675 மடங்கு என்று போட்டிருந்தது

எனக்குத் தெரிந்து எங்கள் வாசுதேவநல்லூரில் மூன்று வீட்டுப் பரணில் டெலஸ்கோப் கிடக்கிறது. என் வீட்டில் கிடந்ததையும் சேர்த்தால் நான்கு. பிள்ளைகள் வெளியூரில் சம்பாதிக்கிறார்கள். பேரன் பேத்தி பிறந்தநாளுக்கு ஆசையாக வாங்கி அனுப்புகிறார்கள். இரண்டு நாள் பார்ப்போம். நிலா தெரியும், மற்றது ஒன்றும் தெரியாது. மூன்றாம் நாள் பரணுக்குப் போய்விடும்.

அந்தக் கருவிகளில் பெரும்பாலானவை பழுதானவை அல்ல என்பதுதான் என் கட்சி. பெட்டியின் மேல் அச்சடித்த ஒரு எண்ணும், நம்முடைய அவசரமும் சேர்ந்துதான் அவற்றைப் பரணில் ஏற்றின.

2020 டிசம்பர் 21 அன்று வியாழனும் சனியும் வானத்தில் ஒட்டி நின்றது நினைவிருக்கும். அதைச் செய்தியில் பார்த்த என் மகன் அடுத்த வருஷம் ஒரு டெலஸ்கோப் வாங்கி அனுப்பினான். உள்ளே வளைந்த கண்ணாடி வைத்த வகை. நியூட்டன் 1668இல் செய்து காட்டிய அதே ஏற்பாடு. கண்ணாடியின் குறுக்களவு 114 மில்லிமீட்டர், குவியத் தூரம் 900. பெட்டியில் கொட்டை எழுத்தில் “675 மடங்கு”. ஆயுத பூஜை விடுமுறைக்கு வந்த பேரன் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு எடுத்த எடுப்பிலேயே பெரிய மடங்கைப் போடச் சொன்னான். போட்டேன். வியாழன், தண்ணீருக்குள் விழுந்த கற்கண்டு மாதிரி கலங்கலாக ஆடிக்கொண்டு ஓடியது. அவன் ஐந்து நிமிஷம் பொறுமையாகப் பார்த்துவிட்டு, “தாத்தா, யூடியூப்லயே இதைவிட நல்லா தெரியுது” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். ஒன்பது வயதுப் பையன். அவன் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் எனக்கு வலித்தது.

நான் முப்பத்து நான்கு வருஷம் தொலைபேசித் துறையில் பழுது பார்த்தவன். ஃபோன் வேலை செய்யவில்லை என்றால் முதலில் இணைப்பைப் பார், பிறகு ஒயரைப் பார், கடைசியாகத்தான் கருவியைக் கழற்று என்று கற்றுக்கொடுத்தார்கள். அந்தப் பாடத்தை என் வீட்டு டெலஸ்கோப்புக்குப் பயன்படுத்த எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது.

முதலில் அந்த 675. கணக்கு சுலபம். குழாயின் குவியத் தூரத்தை ஐபீஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் வருவது மடங்கு. ஐபீஸ் என்பது நாம் கண் வைக்கும் சின்ன லென்ஸ். எனக்கு 20 மில்லிமீட்டர், 4 மில்லிமீட்டர் என இரண்டு கொடுத்திருந்தார்கள். 900ஐ 4ஆல் வகுத்தால் 225. அதோடு மூன்று மடங்கு ஆக்கும் பார்லோ லென்ஸ் ஒன்று. 225ஐ மூன்றால் பெருக்கினால் 675. கணக்கில் தப்பில்லை, ஆனால் கண்ணுக்கு உதவாத கணக்கு. கண்ணாடியின் ஒரு மில்லிமீட்டருக்கு இரண்டு மடங்குதான் மேல் எல்லை. 114க்கு 228. அதுவும் காற்று அசையாத நல்ல இரவில். அதற்கு மேல் போனால் அரை லிட்டர் பாலை ஐம்பது பேருக்குக் காபி போட்ட மாதிரி. டம்ளர் நிறையும், காபி இருக்காது.

பெரிய மடங்கில் இன்னொரு தொல்லை உண்டு. பூமி சுற்றுவதால் வானம் நிமிஷத்துக்குக் கால் பாகை நகர்கிறது. 225 மடங்கில் நமக்குத் தெரியும் வட்டம் அதைவிடச் சின்னது. முக்கால் நிமிஷத்தில் கிரகம் வட்டத்தைத் தாண்டிவிடும். “வா வா, பாரு” என்று பேரனைக் கூப்பிட்டு அவன் கண் வைப்பதற்குள் அங்கே ஒன்றும் இருக்காது.

என் யோசனை இது. மடங்கைப் பார்த்து வாங்காதீர்கள். கண்ணாடியின் அகலத்தைப் பாருங்கள். குழாய் அரை மீட்டர்கூட இல்லாமல் பெட்டியில் மட்டும் குவியத் தூரம் 1000 என்று போட்டிருந்தால் விட்டுவிடுங்கள். உள்ளே கூடுதலாக ஒரு லென்ஸை ஒளித்து வைத்து நீட்டிய கணக்கு அது, சரி செய்வது பெரும்பாடு. ஏற்கெனவே வாங்கியாகிவிட்டதென்றால், கூட வந்த 4 மில்லிமீட்டரையும் பார்லோவையும் டப்பாவில் போட்டு மூடிவிட்டு, 25 மில்லிமீட்டரில் ஒன்று, 10 மில்லிமீட்டரில் ஒன்று, ‘பிளாசல்’ வகை ஐபீஸ் வாங்குங்கள். என் குழாயில் முதலாவது 36 மடங்கு, இரண்டாவது 90. முதலாவதில் முழு நிலாவும் அடங்கி மிச்சம் இடம் இருக்கும், வியாழனின் நான்கு நிலாக்களும் வரிசையாகத் தெரியும். இரண்டாவதில் சனியின் வளையம் தனியாகத் தெரியும். இரண்டும் சேர்ந்து என் இரண்டு மாத மாத்திரைச் செலவுக்குள் அடங்கிவிட்டன.

நம் வயதுக்காரர்களுக்கு இன்னொரு செய்தி. 4 மில்லிமீட்டர் போன்ற ஐபீஸில் இமை லென்ஸில் ஒட்டும் அளவுக்குக் கண்ணை நெருக்க வேண்டும். மூக்குக்கண்ணாடியோடு முடியவே முடியாது. 25இல் அந்தக் கஷ்டம் இல்லை. கிட்டப்பார்வை, தூரப்பார்வை மட்டும் என்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஃபோகஸ் திருகியைத் திருப்பிச் சரி செய்துகொள்ளலாம். குறுக்குப் பார்வைக் கோளாறு இருந்தால்தான் கண்ணாடி வேண்டும். புரை ஆபரேஷன் செய்த கண்ணாலும் நன்றாகவே பார்க்கலாம். நான் அந்தக் கண்ணால்தான் பார்க்கிறேன்.

இனி பழுது. 2023இல் பரணிலிருந்து இறக்கியபோது குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது, கண்ணாடி மேல் தூசி. பழைய வேட்டித் துணியில் மூக்குக்கண்ணாடி துடைக்கும் திரவத்தைத் தொட்டு நன்றாக அழுத்தித் துடைத்தேன். நான் செய்த பெரிய முட்டாள்தனம் அதுதான். இந்தக் கண்ணாடியில் பூச்சு பின்பக்கம் அல்ல, முன்பக்கம். மெல்லிய அலுமினியப் படலம். தூசியோடு சேர்த்துத் தேய்த்தால் கீறல்தான். அந்தக் கோடுகள் இன்றைக்கும் இருக்கின்றன. லேசான தூசி பார்வையைக் கெடுக்காது, விட்டுவிடுங்கள். கழுவித்தான் ஆக வேண்டும் என்றால் கழற்றி எடுத்து, ஓடும் தண்ணீரில் காட்டி, சோப்புத் திரவம் ஒரு சொட்டு விட்ட தண்ணீரில் ஊற வைத்து, கடைசியில் இன்வெர்ட்டருக்கு ஊற்றும் பேட்டரி தண்ணீரால் அலசிச் சாய்த்து உலர விடுங்கள். துணி படவே கூடாது. காவலூரில் 1986இல் வேணு பாப்பு பெயர் சூட்டிய தொலைநோக்கி, 2.34 மீட்டர் கண்ணாடி, நம் நாட்டிலேயே செய்தது. அதற்கும் அலுமினியப் பூச்சுதான். மறுபடி பூசுவதற்கு அங்கேயே ஏற்பாடு உண்டு. நமக்கு அந்த வசதி இல்லை.

அடுத்தது கண்ணாடிகளின் நேர்கோடு. லாரியில் குலுங்கி வந்த குழாயில் இரண்டு கண்ணாடியும் ஒன்றையொன்று நேராகப் பார்க்காது. பிரகாசமான நட்சத்திரம் ஒன்றை வட்டத்தின் நடுவில் வைத்து ஃபோகஸைக் கொஞ்சம் கலையுங்கள். உளுந்த வடை மாதிரி தெரியும். ஓட்டை நடுவில் இருந்தால் சரி, ஓரமாக இருந்தால் நேர்கோடு விலகியிருக்கிறது. பழைய ஃபிலிம் டப்பா மூடியின் நடுவில் சின்ன ஓட்டை போட்டு ஐபீஸ் இடத்தில் செருகிப் பகலில் பாருங்கள். குழாயைப் படுக்க வைத்துக்கொள்ளுங்கள், ஸ்க்ரூடிரைவர் கை தவறினாலும் பெரிய கண்ணாடியில் விழாது. முதலில் முன்பக்கச் சின்னக் கண்ணாடியின் மூன்று ஸ்க்ரூ; பெரிய கண்ணாடி அதன் விளிம்புப் பிடிகளோடு முழுதாகத் தெரிய வேண்டும். பிறகு பின்பக்கத்து மூன்று ஸ்க்ரூ. சின்னக் கண்ணாடியின் கறுத்த நிழல் நடுவுக்கு வர வேண்டும். எனக்கு முதல் தடவை ஒரு மத்தியானம் முழுக்கப் பிடித்தது. இப்போது ஐந்து நிமிஷம்.

மூன்றாவது, பார்க்கும் இடம். மொட்டை மாடி வேண்டாம். பகலெல்லாம் வெயில் குடித்த காங்கிரீட் ராத்திரி பத்து மணி வரை அனலை விடும், படம் நடுங்கும். புறவாசல் மண்தரை உத்தமம். குழாயை முக்கால் மணி நேரம் முன்னாலேயே வெளியே வைத்து ஆற விடுங்கள். சாரல் காலத்தில் மலைக்காற்று அடிக்கும்போது முயற்சியே வேண்டாம். தை முதல் பங்குனி வரை நமக்கு நல்ல வானம்.

நான்காவது, தாங்கி. கூட வந்த எடைக்கட்டித் தாங்கியின் அச்சு துருவ நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டும். நம் ஊரில் துருவ நட்சத்திரம் ஒன்பது பாகை உயரத்தில்தான் இருக்கிறது. அவ்வளவு தாழ்த்தினால் எடைக்கட்டி முக்காலியின் காலில் இடிக்கிறது. குளிர் தேசத்துக்காகச் செய்தது. நான் அதைக் கழற்றிவிட்டு ஆசாரியிடம் பிளைவுட்டில் ஒரு பெட்டித் தாங்கி செய்துகொண்டேன். இந்த முறையைப் பரப்பிய ஜான் டாப்சன், வேதாந்த சங்கத்தில் 23 வருஷம் துறவியாக இருந்தவர். தெருமுனையில் டெலஸ்கோப்பை வைத்துப் போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டியவர்.

ஒன்று மட்டும் கண்டிப்பு. ஐபீஸில் திருகும் சூரிய வடிகட்டி ஏதாவது கூட வந்திருந்தால் உடைத்துக் குப்பையில் போடுங்கள். சூட்டில் அது வெடித்தால் ஒரு நொடியில் கண் போய்விடும். பேரப்பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பகலில் குழாயைத் தனியாக விடாதீர்கள்.

2023 டிசம்பரில் நம் பக்கம் பெய்த அந்தப் பெருமழை ஓய்ந்து ஒரு வாரம் கழித்து, அரையாண்டு விடுமுறைக்குப் பேரன் வந்தான். வானம் கழுவி விட்ட மாதிரி இருந்தது. சனிப்பெயர்ச்சி முடிந்த சமயம். பக்கத்து வீட்டு ஆச்சியைக் கூப்பிட்டால், “சனியனை எதுக்குய்யா நேருக்கு நேர் பார்க்கணும்? ஏற்கெனவே ஏழரை நடக்கு” என்று முதலில் மறுத்துவிட்டார். பேரன்தான் கையைப் பிடித்து ஸ்டூலில் உட்கார வைத்தான். 90 மடங்கு. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, “இது என்னய்யா, இம்புட்டு அழகா இருக்கு? ஒட்டியாணம் போட்ட மாதிரி. இதையா பயந்துக்கிட்டு கெடந்தோம்?” என்றார்.

பேரன் அதற்கப்புறம் விடவில்லை. தலைக்கு மேலே நின்ற வியாழனுக்குத் திருப்பி, நான்கு நிலாக்களைப் படம் வரைந்து, மறுநாள் ராத்திரி அவை இடம் மாறியதையும் வரைந்தான். யூடியூப் பேச்சே எழவில்லை. ஆனால் அந்த இரண்டு வருஷத்தை அவனுக்கு நான் திருப்பித் தர முடியாது. ஒன்பது வயதில் இருந்த ஆவல் பதினொன்றில் மிச்சம் இருந்தது என் அதிர்ஷ்டம். எல்லாப் பிள்ளைகளுக்கும் இருக்கும் என்று சொல்ல முடியாது.

உங்கள் வீட்டுப் பரணில் ஒன்று இருந்தால் இந்தத் தைக்குள் இறக்குங்கள். துடைக்க மட்டும் வேண்டாம்.