பழைய ஜீப்பை எப்போது விற்பது?

கடந்த ஒரு வருடத்துக்கு மேலாக நமது வியாபாரிகள் நாலு பேர் கூடுமிடமெல்லாம் ஒரே பேச்சுத்தான். இஷா தொழுதுவிட்டுப் பள்ளி வாசலில் செருப்பைத் தேடும்போதும் அதுதான். "காக்கா, இறக்குமதி திறந்துவிட்டதே, இன்னும் ஜீப்பை மாற்றவில்லையா?" என்று என்னிடமும் கேட்டார்கள். என்னிடம் இருந்தது 1994 ஆம் ஆண்டுப் பஜிரோ. இரண்டாம் தலைமுறை, 2.8 டீசல் எஞ்சின். கடைசியில் நானும் மாற்றினேன். எதை வாங்கினேன், எதை வாங்காமல் விட்டேன், ஏன் என்று சிலர் எழுதச் சொன்னதால் இந்த வாரம் கணக்குப் புத்தகத்தைத் தள்ளி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். வாகனத்தைப் புதிதாக்கிவிட்டுக் கடையின் தட்டுகளைக் காலியாக வைத்திருக்கும் சகோதரர்களுக்கு இது கசக்கும். அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்றது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். ஏறத்தாழ ஐந்து வருடங்கள் நாட்டில் இருந்த வாகனமே கைமாறிக் கைமாறி ஓடியது. பழைய வாகனத்தின் விலை வருடத்துக்கு வருடம் குறையும் என்பதுதான் உலக வழக்கம். இங்கே கூடியது. 2021 இல் ஒரு தரகர் என் கடைக்கு வந்து, நான் பஜிரோவை வாங்கிய விலையைப் போல இரண்டு மடங்கு சொன்னார். எனக்கும் நாக்கில் நீர் ஊறியது உண்மை. ஆனால் விற்றுவிட்டு எதில் ஏறுவது? விற்ற விலையில் அதே போன்ற இன்னொரு பழைய ஜீப்பைத்தான் வாங்க முடியும். கையில் வந்ததை இலாபம் என்று நினைத்து வேறு காரியங்களுக்குச் செலவழித்தவர்கள் பிறகு முச்சக்கர வண்டியில் போனதைக் கண்டிருக்கிறேன்.

பிறகு 2022 வந்தது. வருடத் தொடக்கத்தில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த ஒட்டோ டீசல் ஜூன் மாத இறுதியில் 460 ரூபாவில் நின்றது. அதையும் வரிசையில் நின்று வாங்க வேண்டும். பிறகு கியூ.ஆர். அட்டை வந்து கார்களுக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்தார்கள். லீற்றருக்கு எட்டுக் கிலோமீற்றர் ஓடும் பஜிரோவுக்கு 20 லீற்றர் அடித்தால் யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியாவைக் கொஞ்சம் தாண்டலாம். திரும்பி வருவது அல்லாஹ்வின் நாட்டம். அந்த ஆறேழு மாதம் ஜீப்பை முற்றத்தில் விட்டுவிட்டுச் சைக்கிளில்தான் கடைக்குப் போனேன். கடை நடந்தது. வியாபாரத்துக்கு ஜீப் எவ்வளவு அவசியம் என்பது எனக்கு அப்போதுதான் சரியாக விளங்கியது. நான் நினைத்திருந்ததைவிடக் குறைவு.

2024 இறுதியில் புதிய கதை கிளம்பியது. "இறக்குமதி திறக்கப் போகிறது, விலை விழப் போகிறது, இப்போதே விற்றுவிடு" என்றார்கள். விற்றுவிட்டுக் காத்திருந்தவர்களும் உண்டு. திறந்தது, ஆனால் வரியோடு திறந்தது. சுங்கத் தீர்வை 20 வீதம், அதன் மேல் பாதி அளவு மேலதிகக் கட்டணம். எஞ்சின் கொள்ளளவைப் பார்த்து உற்பத்தி வரி. 50 இலட்சத்துக்கு மேற்பட்ட பெறுமதியுள்ள டீசல் வாகனமென்றால் மேற்பட்ட தொகைக்கு 120 வீதம் ஆடம்பர வரி. இத்தனைக்கும் மேலே 18 வீத வற் வரி. 2025 இல் நிலைமை இது. சிறிய எஞ்சின் கார்களில் கொஞ்சம் அசைவு தெரிந்தது. பெரிய டீசல் ஜீப்புக்கு இந்த வரியில் கதவு திறந்ததும் ஒன்று, திறக்காததும் ஒன்று. பிராடோவின் 250 ரகம் 2023 இல் அறிமுகமானது. பார்க்க அழகுதான். பத்திரிகையில் படம் பார்ப்பதற்குச் செலவில்லை.

அப்படியானால் நான் ஏன் மாற்றினேன்? அதற்குக் காரணம் விலை அல்ல. புளியங்குளத்துக்கு இப்பால், ஏ-9 வீதியோரம், மத்தியான வெயிலில் நின்ற மூன்றரை மணித்தியாலம்.

புத்தளத்தில் தங்கை மகளுக்கு நிக்காஹ். 1990 ஒக்டோபருக்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் பாதிப் பேர் புத்தளத்திலேயே ஊன்றிவிட்டார்கள், ஆகவே மாதத்துக்கு ஒரு தடவையாவது அந்தப் பயணம் உண்டு. வெப்பமானி முள் ஏறியதைக் கண்டு நிறுத்தினேன். தலைப்பகுதியில் வெடிப்பு. அந்த எஞ்சினுக்கு அதிக சூடு ஆகாது என்பது தெரிந்த விடயம்தான். தப்பு என்னுடையது. நமது கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கற்பாறையில் ஊறி வருவது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் ரேடியேற்றரின் குழாய்களிலும் படிகிறது. கூலன்ட் வாங்கும் காசை மிச்சம் பிடித்துப் பல வருடம் கிணற்றுத் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். மணமகளின் மூத்த மாமா ஒரு மீன் லொறியில் போய் இறங்கினார். சபையில் என் சட்டையில் வந்த வாசத்தைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை, அது அவர்களுடைய நல்ல குணம்.

வீட்டுக்கு வந்து பழைய பற்றுச்சீட்டுகளை எடுத்துப் பார்த்தேன். ஒரு வருடத்தில் அந்த ஜீப் கராஜில் நின்ற நாட்கள் 41. செலவு பெரிதாக இல்லை. புதிய வாகனத்தின் இரண்டு மாத லீசிங் தவணைக்குள் அடங்கிவிடும். நாட்கள்தான் பெரிது. பண்ணைப் பாலத்தால் தீவுப் பகுதிக்கு ஓடி ஓடி உப்புக்காற்றில் சேசிஸிலும் துரு ஏறியிருந்தது. திருத்தச் செலவு கூடிவிட்டது என்பதற்காக எவரும் பழைய வாகனத்தை விற்க வேண்டாம், எவ்வளவு கூடினாலும் புதியதை விட அது மலிவு. வாகனம் உங்கள் நாட்களைத் தின்னத் தொடங்கினால் விற்க வேண்டும். இது என் கட்சி.

மகனுக்கு 150 ரகப் பிராடோ மேல் ஆசை. "வாப்பா, பழைய சோனகத் தெருவில் ஹார்ட்வெயார் முதலாளிமார் நாம் எதில் வந்து இறங்குகிறோம் என்று பார்க்கிறார்கள்" என்றான். பொய் என்று சொல்ல மாட்டேன். முதல் தடவை பார்ப்பார்கள். இரண்டாம் தடவை காசோலை திரும்பியதா என்று பார்ப்பார்கள். முப்பது வருடமாகக் கொழும்பிலிருந்து கடனுக்குச் சரக்கெடுக்கிறேன், ஒரு முதலாளியும் என் ஜீப்பின் புத்தகத்தைக் கேட்டதில்லை.

என்றாலும் அவன் மனம் கோணக்கூடாது என்று இரண்டு 150 ரகங்களைப் போய்ப் பார்த்தோம். அதில் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன், காசுக்கு உதவும். 150 ரகம் 2009 இல் வந்து, அடுத்த தலைமுறை வரும்வரை ஏறத்தாழ 14 வருடம் ஓடிய ரகம். தரகர் "ஒன் ஃபிஃப்டி" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். ஆனால் உள்ளே பல வாகனங்கள் இருக்கின்றன. ஜப்பானியச் சந்தைக்கான 150 இல் 2015 வரை டீசல் எஞ்சினே கிடையாது. 2.7 பெற்றோல் அல்லது 4.0 பெற்றோல். 2.7 பெற்றோல் எஞ்சின் அந்த உடம்பை இழுக்கக் குடிக்கும் பெற்றோலை வாங்குபவர்தான் அறிவார். வேறு நாடுகளுக்குப் போன டீசல் ரகத்தில் 2015 வரை பழைய 3.0 எஞ்சின், அதற்குப் பின் 2.8. புதிய 2.8 எஞ்சின் நல்ல எஞ்சின். ஆனால் பலவற்றில் புகைக் கரியைப் பிடித்துவைத்துப் பிறகு எரித்துவிடும் வடிகட்டி ஒன்று உண்டு. அது தன்னைத் துப்புரவாக்கிக்கொள்ள வாகனம் நீண்ட தூரம் சூடாக ஓட வேண்டும். சோனகத்தெருவிலிருந்து பெரிய கடைக்கும், அங்கிருந்து திருநெல்வேலிச் சந்தைக்கும் ஓடுகிறவனுக்கு அந்த வடிகட்டி அடைபடுவதுதான் மிச்சம்.

எனக்குப் பதினைந்து வருடமாக வேலை செய்யும் மெக்கானிக் கோண்டாவில் பக்கத்து மனிதர். அவரையும் கூட்டிக்கொண்டுதான் போனேன். சேசிஸ் இலக்கம் இருக்குமிடத்தில் முதலில் ரோர்ச் அடித்துப் பார்த்தார். பாகமாகக் கொண்டுவந்து பொருத்திய வாகனங்களும் இலக்கம் மாற்றியவையும் அண்மைக் காலத்தில் எத்தனை பொலிஸாரிடம் பிடிபட்டன என்பதைச் செய்தியில் படித்திருப்பீர்கள். ஒரு வாகனத்தின் புத்தகத்தில் லீசிங் கம்பெனியின் பெயர் இன்னும் அறுதி உரிமையாளராக நின்றது. அதைத் தரகர் சொல்லவில்லை, நாங்கள் கேட்டபோதும் "அது சின்ன விசயம்" என்றார். மற்ற வாகனம் சுத்தம். திரும்பி வரும் வழியில் மெக்கானிக் சொன்னார்: "நானா, அதில ஒரு சென்சர் போனா நான் உங்களுக்குக் கைகாட்ட ஏலாது. கொழும்புக்குத்தான் ஏத்த வேணும். எனக்குத் திருத்தத் தெரிஞ்ச சாமானை வாங்குங்கோ."

இதைவிட நல்ல புத்திமதி எனக்கு எவரும் தந்ததில்லை. வாங்கியது 120 ரகப் பிராடோ, 2004, 3.0 டீசல். 2002 முதல் 2009 வரை வந்த தலைமுறை. பஜிரோவிலிருந்து பார்த்தால் இது ஒரு படி மேலே. கொமன் ரெயில் டீசல், இரண்டு எயார் பேக், நிலையான பிரேக். ஆனால் யாழ்ப்பாணத்துக் கராஜில் கழற்றிப் பூட்ட முடிந்த படி. விலையை இங்கே எழுதவில்லை, எழுதினால் தரகர்கள் அதையே சந்தை விலை ஆக்கிவிடுவார்கள். பஜிரோ விற்ற பணத்தைப் போல இன்னுமொரு மடங்குக்கும் கூடுதலாகப் போட வேண்டியிருந்தது என்று மட்டும் சொல்கிறேன். 150 க்கு அதைப் போல நாலு மடங்கு கேட்டார்கள்.

மேலதிகப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். லீசிங் எடுக்கவில்லை. வட்டி நமக்கு ஆகாது என்பது தெரிந்ததே. ஆனால் இப்போது வட்டியில்லாத வழியும் இருக்கிறது. 2011 இலிருந்து முழுமையான இஸ்லாமிய வர்த்தக வங்கியே நாட்டில் இயங்குகிறது. முராபஹா, இஜாரா என்று பெயர் சொல்லி நமது இளைஞர்கள் துணிந்து இறங்குகிறார்கள். ஹலாலான வழி இருப்பது நல்லது. ஆனால் வட்டி இல்லை என்பதால் தவணை இல்லை என்றாகிவிடாது. மாதம் பிறந்தால் அதுவும் வந்து நிற்கும், கடையில் வியாபாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். எனக்குத் தெரிந்த ஒரு துணிக்கடைக்காரர் நோன்புப் பெருநாள் வியாபாரத்தை நம்பித் தவணையை எழுதினார். பெருநாள் வருடத்தில் இரண்டு, தவணை பன்னிரண்டு. கடைசியில் பெருநாளைக்கு எடுக்க வேண்டிய சரக்கை எடுக்கக் காசில்லை. வாகனமும் போனது, வாடிக்கையாளரும் போனார்கள்.

நான் செய்தது வேறு. 2023 தொடக்கத்திலிருந்து, ஜீப் வாங்கியவன் கட்டும் தவணையை மாதாமாதம் எனக்கு நானே கட்டினேன். கடைக் கணக்கிலிருந்து எடுத்து வேறு கணக்கில் போட்டேன். முதல் நாலு மாதம் போட முடிந்தது. ஐந்தாம் மாதம் முடியவில்லை. சீமெந்து வாங்கக் காசு போதாமல் போனது. அப்போதே லீசிங் எடுத்திருந்தால் அந்த ஐந்தாம் மாதமே கம்பெனிக்காரன் வாசலில் நின்றிருப்பான். தொகையைக் குறைத்து மறுபடி தொடங்கினேன். இரண்டரை வருடத்தில் சேர்ந்த தொகைக்கு ஏற்ற வாகனம்தான் 120. சேர்ந்தது எவ்வளவோ அவ்வளவுதான் என் தலைமுறை. மகன் இதற்கு இன்னும் முழுமனதாக ஒத்துக்கொள்ளவில்லை.

இதற்கிடையில் ஸகாத் கணக்குப் பார்க்கும்போது ஒரு விடயம் தட்டுப்பட்டது. கடையில் கிடக்கும் சரக்குக்கு ஸகாத் உண்டு, நாம் ஏறிப் போகும் வாகனத்துக்கு இல்லை. சரக்கைக் காசாக்கி ஜீப்பாக மாற்றினால் ஏழையின் பங்கும் அதோடு குறைகிறது. இதைச் சட்டமாகச் சொல்லவில்லை, அதை ஆலிம்கள் சொல்வார்கள். எனக்கு உறுத்தியதைச் சொல்கிறேன்.

வாகனத்தில் இவ்வளவு பயம் எனக்கு ஏன் என்று மகன் கேட்பான். வாப்பாவிடம் ஒரு ஒஸ்டின் ஏ-40 இருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன் அதைக் கழுவித் துடைப்பது என் வேலை. 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி நாங்கள் வெளியேறியபோது அது வீட்டு வாசலிலேயே நின்றது. சாவியை வாப்பா புத்தளம் வரை கொண்டுபோனார். பாதை திறந்த பிறகு, 2002 இல், நான் முதல் தடவை ஊருக்கு வந்து பார்த்தபோது ஏ-40 கள் இன்னும் வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்தன. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடித் தப்பிய வாகனங்கள் அவை. ஒவ்வொன்றையும் உற்றுப் பார்த்தேன். வாப்பாவுடையது அதில் இருந்ததா என்று இன்றுவரை தெரியாது. அவர் இழந்ததாகக் கவலைப்பட்டது காரைப் பற்றி அல்ல, கடையில் இருந்த சரக்கைப் பற்றியும் வரவேண்டிய கடனைப் பற்றியும்தான்.

120 இலும் குறை இல்லாமல் இல்லை. அந்த 3.0 எஞ்சினில் இன்ஜெக்டரின் அடியில் இருக்கும் செப்பு வளையம் தேய்ந்தால் எரிந்த வாயு ஒயிலுக்குள் இறங்கிக் கரி கட்டும். கரி ஒயில் உறிஞ்சும் வலையை அடைத்தால் எஞ்சினே போய்விடும். ஆகவே வாங்கிய அன்றே வளையங்களை மாற்றி, அடித்தட்டைக் கழற்றி வலையையும் பார்த்தோம். கொஞ்சம் கரி இருந்தது, தப்பியது. இன்ஜெக்டரில் ஒன்று காலையில் சற்றுத் தட்டுகிறது. நாலையும் மாற்றினால் என்ன செலவு வரும் என்று பஞ்சிகாவத்தையில் கேட்கச் சொல்லியிருக்கிறேன். விலை வந்ததும் எழுதுகிறேன், இன்ஷா அல்லாஹ். ரேடியேற்றருக்கு இந்தத் தடவை கூலன்ட்தான்.